டவரிலிருந்து தெரிகிற வீடு

மூன்றாம் தொலைநோக்கியில் கண்ணை வைத்த கழுகண்ணன் அப்படியே நின்றுவிட்டார். மாடிக் கொடியில் வெள்ளை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது.

கண்ணை எடுத்தார். வில்லையைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெள்ளைதான். காற்றில் படபடவென்று அடித்து, இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள் என்பது போல ஒரு முறை முழுசாக விரிந்தும் காட்டியது.

"போயிட்டா" என்றார் வாய்விட்டு. பக்கத்தில் நின்ற சுற்றுலாப் பெண்மணி யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கம்பி வழியே எட்டிப் பார்த்தாள்.

ஊருக்கு நடுவில் நிற்கும் அந்தப் பார்வைக் கோபுரத்துக்குத் திறப்பு விழா அன்று நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கல்வெட்டோடு சரி. ஊரில் எல்லோருக்கும் அது டவர்தான். உச்சியில் வட்டமான மாடம். மாடத்தைச் சுற்றிக் கம்பியோரமாக நிற்கும் தொலைநோக்கிகள். அவற்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வருகிறவர்களுக்கு ஏரி எது, மணிக்கூண்டு எது, மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கி எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிக் காட்டுவது கழுகண்ணனின் வேலை. டவர் திறந்த வருஷம் சேர்ந்தவர். பூங்காவில் தொலைந்த குழந்தையை மேலே நின்றபடியே கண்டுபிடித்துச் சொன்னதில் கழுகு என்ற பெயர் வந்தது. தலை நரைத்ததும் அதோடு ஓர் அண்ணன் ஒட்டிக்கொண்டார்.

தன் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று எழுதியது வயதுக்குக் கொடுக்கும் மரியாதை.

கல்யாணமான புதிதில் வீட்டில் போன் கிடையாது. அவர் மேலே, மனைவி கீழே. ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. காலையில் பதினோரு மணிக்கு மாடிக் கொடியில் ஒரு துணி போடுவது என்று இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மஞ்சள் என்றால் பால் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வரவும். நீலம் என்றால் விருந்தாளி வந்திருக்கிறார், சீக்கிரம் வரவும். சிவப்பு என்றால் போட்டது போட்டபடி ஓடி வரவும். வெள்ளை என்றால் நான் வீட்டில் இல்லை, சாவி பக்கத்து வீட்டில். பச்சை என்றால் எல்லாம் சௌக்கியம், நிதானமாக வாருங்கள். பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அவர் சட்டைப் பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வெயிலில் காட்டுவார். அந்த வெளிச்சம் ஏரியைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து மாடிகளை எல்லாம் ஒரு தடவு தடவிவிட்டு வரும்.

முதல் சில மாதம் இந்த ஏற்பாடு தாறுமாறாகத்தான் போயிற்று. மஞ்சளைப் பார்த்துப் பால் வாங்கிக்கொண்டு போனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். நீலத்தைப் பார்த்து அரை நாள் லீவு போட்டு ஓடினால் மனைவி தலைக்குக் குளித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை சிவப்பைப் பார்த்துச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நிறத்தை மாற்றிப் போடுகிறாய் என்று இவர், நான் ஒழுங்காகத்தான் போட்டேன் என்று அவள், அன்றைக்கு முழுக்க வாக்குவாதம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வெளியே அழைத்துப் போய், ஊரெல்லாம் சுற்றிக் காட்டி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, கொஞ்சம் கவனமாக இரும்மா என்று நல்ல வார்த்தையில் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நிறம் தப்பவில்லை. மனைவியை எப்படித் திருத்த வேண்டும் என்று புதுமாப்பிள்ளைகளுக்கு அவர் இந்தக் கதையைத்தான் சொல்வார்.

போன் வந்தது. பாலும் விருந்தாளியும் போனுக்கு மாறிவிட்டார்கள். பச்சை மட்டும் நிற்கவில்லை. மழை நாள் தவிர, பதினோரு மணிக்கு அந்தப் பச்சைப் போர்வை கொடியில் ஏறிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக் கடையில் அவர் வாங்கிக் கொடுத்தது. மறுநாளே அவள் அதை ஓரம் அடிக்கப் பின்தெருத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டாள். அப்புறம் கட்டிலில் அதை அவர் பார்த்ததே இல்லை. கேட்டால், அது மாடிக்கென்றே வைத்தது என்பாள். சரி, அதுவும் ஒரு பிரியம் என்று விட்டுவிட்டார். ஒரு பார்வை, கண்ணாடியில் ஒரு வெளிச்சம். அதற்கப்புறம்தான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும்.

அந்த டவரில் தொலைநோக்கிகள் இந்த மாதக் கடைசியோடு போகின்றன. அந்த இடத்தில் தொட்டால் ஊரைக் காட்டும் திரைகள் வரப்போகின்றன. கழுகண்ணனுக்கும் அதே நாளில் ஓய்வு. செய்தி கேட்ட மகள், இரண்டு பேரும் இங்கே வந்து எங்களோடு இருங்கள் என்று வெளியூரிலிருந்து போன் செய்தாள். இவர் யோசிக்கவே இல்லை. "நாங்க வரலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"நாங்கன்னு சொன்னீங்களே, அதுல நானும் இருக்கேனா?"

"இல்லாம?"

"அப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான். அதை அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் ஊர், வேலை, ஏரிக் காற்று என்று என்னென்னவோ பேசினார். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டு வைக்கும் சத்தத்திலேயே மீதியைச் சொன்னாள். இன்று காலை இவர் படியிறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "என் முடிவை மாடியில சொல்றேன். பாத்துக்கோங்க."

பச்சைதான் வரும் என்று கழுகண்ணன் விசிலடித்துக்கொண்டே வந்தார். வெள்ளை வந்திருக்கிறது. வீட்டில் இல்லை. சாவி பக்கத்து வீட்டில்.

மனைவிக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவளுடைய போன் பெரும்பாலும் தலையணைக்கு அடியில் கிடக்கும் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவள் மகள் வீட்டுக்குத்தான் போவாள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மகளிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்ப்போம் என்று அவளுக்குப் போட்டார்.

"அம்மா உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"என்ன சொன்னா? அம்மா எங்கப்பா?"

"கிளம்பிட்டா போல."

மகள் சின்ன விஷயத்தையும் பெரிதாகப் பார்க்கிறவள். அவர் வளர்ப்புத்தான். அம்மா தனியாகவா, எந்த ரயிலில், என்ன சொல்லி விரட்டினீர்கள் என்று மூச்சு விடாமல் கேட்டாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றாள். வேண்டாம், நான் போய்த் திருப்பிக் கூட்டி வந்துவிடுகிறேன் என்றார். ஏன் திருப்ப வேண்டும், நீங்களும் வரலாமே என்று அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையை நிறுத்த வேறு வழி தெரியாமல், "சரிம்மா, நானும் வரேன்" என்று சொல்லிவிட்டார். ஊரை விடுவது என்ற பெரிய காரியம் அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது.

அடுத்தது மேனேஜர். திரை மாட்டுகிற கம்பெனிக்காரர்கள் அளவெடுக்க வரும் நாள், இன்றைக்கு மட்டும் கேட்காதீர்கள் என்றார் மேனேஜர். கழுகண்ணன் கொஞ்சம் அழுத்திச் சொன்னால்தான் நடக்கும் என்று, வீட்டில் உடம்பு சரியில்லை என்றார். என்ன உடம்புக்கு என்று கேட்டார் மேனேஜர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் முதலில் வாயில் வருவதைச் சொல்லிவிடுவார்கள்.

"மயக்கம்."

மேனேஜர் கல் நெஞ்சுக்காரராக இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். அவர் நல்லவர். தொலைந்த குழந்தைகளை அறிவிக்கிற மைக்கை எடுத்து, மாடத்தில் டாக்டர் யாராவது இருந்தால் உடனே வரவும் என்று அறிவித்துவிட்டார். கழுத்தில் காமிராவும் தலையில் தொப்பியுமாக ஒருவர் கையைத் தூக்கினார். அவரையும் கழுகண்ணனையும் லிப்டில் தள்ளிவிட்டு, நீங்கள் முன்னால் போங்கள், நான் வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

பாதி வழி இறங்கிய பிறகு, தொப்பிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், நான் பல் டாக்டர்."

கழுகண்ணன் அவரைப் பார்த்தார். லிப்ட் ஓட்டுகிறவர் இருவரையும் பார்த்தார்.

"பரவாயில்லண்ணே, மயக்கமும் தலைக்குத்தானே வருது" என்றார் லிப்ட்காரர். கழுகண்ணன் மனைவி கொடுத்தனுப்பும் சாப்பாட்டில் பாதியைப் பல வருஷமாகத் தின்று வளர்ந்தவர் அவர். அண்ணிக்கு மயக்கம் என்றதும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தோடு அவர் மேலே போய் எல்லோரிடமும் சொன்னபோது மயக்கம் கொஞ்சம் முற்றிவிட்டிருந்தது.

டவர் வாசலில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி எதுவும் போகாது. ஏரிக்கரை வரைக்கும் பூங்காவுக்குள் பொம்மை ரயில் ஓடுகிறது. இரண்டு பேரும் முட்டி மோவாயில் இடிக்க அதில் ஏறி உட்கார்ந்தார்கள். அந்த ரயில் குழந்தைகள் கையாட்டுவதற்காகவே ஓடுவது; அவசரத்துக்கு ஓடியதாகச் சரித்திரம் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் நின்றது.

"அது என்ன சார், செவப்பா ஒரு பில்டிங்?" என்றார் பல் டாக்டர்.

பதில் சொல்லும் மனநிலையா இது என்று கழுகண்ணன் நினைத்தார். ஆனால் எத்தனை வருஷத்துப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது. "மியூசியம். உள்ள ஒரு திமிங்கலத்தோட எலும்பு இருக்கு. முன்னாடி அதுக்குள்ள நடந்து போக விடுவாங்க."

விடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதன் விலா எலும்புக்கு நடுவில் நின்று, இந்த வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கிறதே என்றாள். காவல்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அதைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். பல் டாக்டர் மியூசியத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

ரயில் மிருகக்காட்சி சாலை ஓரமாக ஊர்ந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது இங்கேதான் ஒரு தடவை கையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். அழுத மனைவியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர் டவர் உச்சிக்கு ஓடிப் போய்த் தொலைநோக்கியில் தேடி, குரங்குக் கூண்டுக்கு எதிரில் மஞ்சள் கவுனைக் கண்டுபிடித்தார். இறங்கி வந்து சேருவதற்குள் மனைவியே அங்கே போய் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குரங்கு என்றால் அவளுக்கு உயிர், வேறெங்கே போவாள் என்றாள். ஆனாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இவர்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னாள். இதையெல்லாம் அவர் பல் டாக்டரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ரயில்காரர் டீ குடிக்க இறங்கினார்.

"அவங்க உங்களை எங்கயும் விட்டுக்குடுக்க மாட்டாங்க போல" என்றார் பல் டாக்டர்.

"இப்போ விட்டுட்டுப் போயிட்டாளே டாக்டர்."

"மயக்கம்னு சொன்னாங்க?"

கழுகண்ணன் முழுவதையும் ஒப்புக்கொண்டார். பல் டாக்டர் கோபிக்கவில்லை. அப்படியானால் நான் எதற்கு என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குள் இரண்டு பேரும் ரயிலிலிருந்து குதித்து ஏரிக்கரைக்கு ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை.

ஏரியைச் சுற்றிப் போனால் ரொம்ப தூரம். நேராகப் போக வாத்துப் படகுதான் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்க வேண்டிய படகு. கழுகண்ணன் மிதித்தார். பல் டாக்டர் டவர் முழுசாகத் தெரிகிறது என்று படம் எடுத்தார். ஒரு பக்கம் மட்டும் மிதித்ததில் வாத்து ஏரிக்கு நடுவில் போய், தன் வாலைத் தானே பிடிக்கப் போவது போல வட்டமடிக்க ஆரம்பித்தது.

மகள் கூப்பிட்டாள். மாப்பிள்ளை அறையை ஒழித்துவிட்டாராம், கட்டிலுக்குச் சொல்லிவிட்டாராம். வீட்டை என்னப்பா செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். டவர் சுற்றியது, கரை சுற்றியது, தலை சுற்றியது. "வித்துடலாம்மா, எது வேணா பண்ணிடலாம், உங்கம்மாவை மட்டும் நிறுத்தி வை" என்றார். வைத்த உடனே மேனேஜர் கூப்பிட்டார். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்றார் கழுகண்ணன்.

"ஏன்? எங்க இருக்கீங்க?"

"ஏரியில சார். நடு ஏரியில. ரெண்டு பேரும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம், கரை கிடைக்கல."

மறுமுனையில் மேனேஜர், தைரியமாக இருங்கள் என்று கம்மிய குரலில் சொல்லி வைத்துவிட்டார்.

"டாக்டர், தயவுபண்ணி மிதிங்க."

பல் டாக்டர் மிதித்தார். வாத்து நேரானது. தண்ணீரில் டவரின் நிழல் அவர்கள் கூடவே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். அவள் மிதித்தாள், இவர் திசை மட்டும் சொன்னார். கரை ஏறியதும் அவளை டவருக்கு அழைத்துப் போனார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் புதுப்பெண்ணைப் பார்க்கச் சுற்றி நின்றுகொண்டார்கள். இவர் மூன்றாம் தொலைநோக்கியைத் திருப்பி, அசையாமல் திருகாணியை முறுக்கி, "பாரு, நம்ம வீடு. இத்தனை வீட்டுல வேற எவனாலயாவது கண்டுபிடிக்க முடியுமா?" என்றார். அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க, நம்ம வீடேதான். என்ன கண்ணு உங்களுக்கு" என்றாள்.

பெருமையில் அவளுக்குப் பேச்சே வரவில்லை என்று அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேறு வேலை கிடைத்தும் போகாமல் டவரிலேயே இருந்துவிட்டார் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பல் டாக்டரிடம் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார். பல் டாக்டர் மிதிப்பதை நிறுத்தி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். வாத்து மறுபடி வட்டமடித்தது.

ஒருவழியாகக் கரை தட்டியபோது முழங்கால் வரை நனைந்து, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டில் சாவி கேட்கப் போனவர், தன் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே கூடத்தில் மனைவி முறத்தை மடியில் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க நனைஞ்சு வரீங்க? இவர் யாரு?"

கழுகண்ணனுக்கு வாயில் காற்றுத்தான் வந்தது. பல் டாக்டர், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவளிடம் போய் வாயைத் திறக்கச் சொன்னார். அவள் திறக்கவில்லை.

அதற்குள் வாசலில் வேன் நின்றது. தோண்டாத சாலை வரைக்கும் நடந்து வேன் பிடித்து, ஏரியைச் சுற்றிக்கொண்டு மேனேஜர் வந்துவிட்டார். கையில் நீச்சல் குளத்திலிருந்து கொண்டுவந்த மிதவை வளையம். பின்னால் முகமெல்லாம் வீங்கிய லிப்ட்காரர். டவரில் பாதிப் பேர் அந்த வேனில் இருந்தார்கள். அவள் உலர்ந்த தலையோடு பட்டாணி உரிப்பதைப் பார்த்ததும் மேனேஜர் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது மறையவில்லை. லிப்ட்காரர் மட்டும், "அண்ணி" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போகலையா?" என்றார் கழுகண்ணன்.

"எங்க போறது?"

"வெள்ளை தொங்குச்சே."

அவள் கை பட்டாணியில் நின்றது. "வெள்ளையா?" என்றாள். அடுப்படி வழியாகப் பின்பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

கழுகண்ணன் அவளைப் பார்த்தார். கிளம்புகிற புடவை இல்லை, பெட்டி இல்லை. போகிறவள் பட்டாணி உரிப்பாளா? அவருக்கு மெல்ல ஒன்று விளங்கியது. விளங்க விளங்க முகம் தொங்கிப்போனது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்போ நீ பச்சைதான் போட்டிருக்கே. எனக்குத்தான் வெள்ளையா தெரிஞ்சிருக்கு." சுற்றி நின்றவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்ணு போயிடுச்சு. பச்சைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு இத்தனை நாளா ஊருக்கெல்லாம் வழி காட்டியிருக்கேன்."

லிப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் வளையத்தைக் கையில் உருட்டினார். தொலைநோக்கி போகட்டும், வேலை போகட்டும், அதற்கெல்லாம் அந்த மனிதர் தயாராகத்தான் இருந்தார். இதற்குத் தயாராக இல்லை.

மனைவி அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, வியர்த்திருந்த அவர் தலையைத் துண்டால் துவட்ட ஆரம்பித்தாள்.

"கண்ணு எங்க போகும்? வெள்ளையேதான் போட்டேன். கோவத்துல போட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல, கிளம்பல. அதை எடுத்துட்டுப் பச்சையை மாத்திப் போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க பாத்துட்டீங்க."

கழுகண்ணன் நிமிர்ந்தார். "நெசமாவா?"

"உங்க கண்ணுக்கு நான் எதை மறைக்க முடியும்?"

அவர் முகத்தில் போன களை திரும்பி வந்தது. மார்பு சட்டைக்குள் கொஞ்சம் விரிந்ததைக்கூடப் பார்க்க முடிந்தது. மகளிடம் சரி என்று சொல்லிவிட்டேன், உனக்கு ஆசையிருந்தால் போய்விடலாம், இந்தத் தடவை உன்னைக் கேட்டுத்தான் எதுவும் என்றார். கேட்டீர்களே, அது போதும், இங்கேயே இருப்போம் என்றாள் அவள். மகளிடம் நானே பேசிக்கொள்கிறேன், கட்டில் வந்தால் மாப்பிள்ளை படுத்துக்கொள்ளட்டும் என்றாள். லிப்ட்காரர் சத்தமாக மூக்கைச் சிந்தினார். பல் டாக்டர் அவர்கள் இருவரையும் ஒரு படம் எடுத்தார். ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டன அவருக்கு.

"பாத்தீங்களா சார்?" என்று கழுகண்ணன் மேனேஜரிடம் திரும்பினார். "ஏரிக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாத்து, வெள்ளைன்னா வெள்ளைன்னு கரெக்டா சொன்னேன். உங்க திரை சொல்லுமா இதை?"

மேனேஜர் சொல்லாது என்று தலையாட்டினார்.

அப்போது அடுப்படிப் பின்கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு பின்தெருத் தையல்காரி வேகமாக உள்ளே வந்தாள். அவள் தோளில் சொட்டச் சொட்ட ஈரமாக அந்தப் பச்சைப் போர்வை கிடந்தது. கூடத்தில் இருந்த கூட்டத்தை அவள் கவனிக்கவில்லை.

"பதினோரு மணிக்கு வர்ற வெளிச்சம் வரலையேன்னு பயந்து ஓடியாந்தேன்க்கா. இத்தனை வருஷமா நீங்க சொல்ற கலரைத்தானே எங்க மாடியில போடுறேன், இன்னிக்குப் பச்சை காயலைன்னு கைக்குக் கெடச்ச வெள்ளையைப் போட்டுட்டேன், அண்ணன் ஒண்ணும் கவனிச்சிருக்க மாட்டார்ல?"